எழுத்தை மாற்றலாமா?



சென்ற மாதம் நடந்த நம் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வழக்கம்போல் நிறைவேறி, காபி டம்ளர்கள் வரத் தொடங்கிய நேரத்தில், 'தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் ஒரு யோசனை வந்தது. நம் காலாண்டிதழில் பாதிப் பக்கங்களை இனி ஆங்கிலத்தில் போடலாம். மீதிப் பாதியைத் தமிழிலேயே, ஆனால் ஆங்கில எழுத்துகளில் அச்சிடலாம் என்பது யோசனை. 'வணக்கம்' என்ற சொல் வணக்கமாகவே இருக்கும். வி, ஏ, என், ஏ என்று தொடங்கும், அவ்வளவுதான்.

யோசனை சொன்னவர் தமிழ்ப் பற்று இல்லாதவர் அல்லர். மார்கழி முழுவதும் திருப்பாவை சொல்கிற இளம் தாய். "மாமா, என் பையன் தமிழ் நன்றாகப் பேசுவான். படிக்கத்தான் வராது. பள்ளிக்கூடத்தில் இந்தி, மராத்தி, ஆங்கிலம் என்று மூன்று இருக்கிறது. நாலாவதுக்கு நேரம் எங்கே? நம் இதழ் வீட்டுக்கு வந்தால் உறைகூடப் பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேலேயே கிடக்கிறது" என்று என்னைப் பார்த்தே சொன்னார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

இந்த இதழுக்கு முப்பது வருஷத்துக்கு மேலாக மெய்ப்புத் திருத்துகிறவன் நான். எழுந்து ஏதாவது சொல்வேன் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. கோபத்தினால் அல்ல; பதில் தெரியாததால்தான். அந்தப் பதிலை இங்கே எழுத முயல்கிறேன். அது அமெரிக்கா வரை போய்ச் சுற்றிக்கொண்டு வருகிறது. பொறுத்தருள வேண்டும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புத்தகம்

என் மகள் பிலடெல்பியா நகரில் இருக்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே போயிருந்தபோது, ஒரு நூலகத்தில் பழம்புத்தகங்களைப் பார்க்க அழைத்துப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தடித்த தோல் அட்டைப் புத்தகம் இருந்தது. ஐரோப்பிய மொழி ஒன்றில் அமெரிக்காவில் அச்சான முதல் பைபிள், 1743 என்று அருகில் எழுதியிருந்தார்கள். ஆங்கிலமாக இருக்கும் என்று குனிந்து பார்த்தேன். ஜெர்மன்!

எனக்கு ஆச்சரியம் தாளவில்லை. ஆங்கிலேயர் ஆண்ட குடியேற்ற நாடு அது. ஆங்கில பைபிளை அச்சிடும் உரிமை இங்கிலாந்திலேயே இருந்ததால் அங்கிருந்துதான் அது வரவேண்டும். அமெரிக்காவில் முழு ஆங்கில பைபிளை ராபர்ட் எய்ட்கன் என்பவர் வெளியிட்டது 1782-இல். அதற்கு ஏறத்தாழ நாற்பது வருஷத்துக்கு முன்பே, பிழைக்கப் போன ஒரு ஜெர்மானியர் தம் மக்களுக்காகத் தம் மொழியில் 1,200 பிரதிகள் அச்சிட்டு விட்டார். அவர் பெயர் கிறிஸ்டோஃப் சவுர். ஊர் திரும்பிய பின்னும் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

சவுர் 1695-இல் ஜெர்மனியில் ஹைடல்பர்க் அருகே லாடன்பர்க்கில் பிறந்தவர். 1724-இல் மனைவி, சிறு மகன் ஆகியோருடன் கப்பலேறிப் பென்சில்வேனியா வந்தார். பிலடெல்பியாவை ஒட்டி ஜெர்மானியர் குடியேறிய ஜெர்மன்டவுன் என்ற ஊரில் வாழ்ந்தார். அச்சுத் தொழில் அவருக்குப் பரம்பரைத் தொழில் அல்ல. தையல் தெரியும், கடிகாரம் செய்வார், மருந்து கொடுப்பார், கொஞ்ச காலம் விவசாயமும் பார்த்தார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அச்சுக்கூடம் வைத்தார். எழுத்துகளை ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரிலிருந்து தருவித்தார். மையைத் தாமே காய்ச்சினார்.

அவர் தொடக்கத்திலேயே போட்டது என்ன தெரியுமா? பஞ்சாங்கம். 1738-இல் அச்சாகி, 1739-ஆம் ஆண்டுக்காக வெளிவந்தது. பிறகு 1739 ஆகஸ்டில் ஒரு செய்தித்தாள் தொடங்கினார். அதுவும் நம் இதழைப்போல் முதலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான்! மக்கள் விரும்பிக் கேட்கவே மாத இதழாயிற்று. பின்னர் அதைவிட அடிக்கடி வந்தது. பைபிளுக்கு விலை வைத்தபோது, ஏழைகளுக்கு விலை கிடையாது என்று அறிவித்தார்.

பெரிய மனிதர் தோற்ற இடம்

இதில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. பென்சில்வேனியாவில் ஜெர்மன் செய்தித்தாள் நடத்த முதலில் முயன்றவர் சவுர் அல்லர். பெஞ்சமின் பிராங்க்ளின்! மின்னலைப் பட்டம் விட்டுச் சோதித்த அதே பிராங்க்ளின்தான். அவர் தொழிலால் அச்சகர். நல்ல அச்சுக்கூடம், பணம், செல்வாக்கு எல்லாம் அவரிடம் இருந்தன. 1732-இல் ஜெர்மன் மொழியில் ஒரு தாள் தொடங்கினார். அதற்கு ஆசிரியராக வைத்தவர் ஜெர்மானியர் அல்லர். மொழிப் பாடம் சொல்லிக் கொடுத்து வந்த ஒரு பிரெஞ்சுக்காரர். எழுத்தும் ஜெர்மானியர் வீட்டில் பழகிய ஃபிராக்டூர் எழுத்து அல்ல. ஆங்கிலத்துக்கு வைத்திருந்த ரோமன் எழுத்து. எதிர்பார்த்த சந்தாவில் ஒரு சிறு பங்குதான் தேறியது. தொடங்கிய வேகத்திலேயே தாள் நின்று போயிற்று.

ஏழு வருஷம் கழித்து, அச்சுத் தொழிலைப் புதிதாகக் கற்ற சவுர், மக்கள் சிறு வயதில் படித்துப் பழகிய அதே எழுத்தில் செய்தித்தாள் போட்டார். அது அவர் காலத்துக்குப் பிறகும் மகன் கையில் ஓடியது.

எழுத்து ஒன்றுதான் காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. பிராங்க்ளினுக்கு அந்த மக்கள் வாடிக்கையாளர்கள். சவுருக்கு அவர்கள் வீட்டு மனிதர்கள். இந்த வேறுபாடும் உண்டு. மேலும், ஃபிராக்டூரும் ரோமனும் ஒரே குடும்பத்து எழுத்துகள். ஓரெழுத்துக்கு ஓரெழுத்து பொருந்தும். அப்படி இருந்தும் முகம் மாறிய எழுத்தை அந்த வாசகர்கள் தங்களுடையதாக ஏற்கவில்லை. தமிழுக்கும் ரோமனுக்கும் அந்த உறவுகூட இல்லையே! ல, ள, ழ மூன்றுக்கும் அங்கே இடம் ஏது? ர, ற? ந, ன, ண? நம் குழந்தை பள்ளிக்குப் போகிறதா, பல்லிக்குப் போகிறதா என்று இதழைப் படிப்பவர் ஊகிக்க வேண்டியதுதான். மனமும் மணமும் ஒன்றாகிவிடும். அறத்துக்கும் அரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த வழியும் அல்ல. 1554-இல் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சானது, ரோமன் எழுத்துகளில்! தமிழ் முதன்முதலில் அச்சேறியதே அப்படித்தான். ஆனால் அந்த வழியில் தமிழ் அச்சு நடக்கவில்லை. 1578-இல் கொல்லத்தில் அண்டிரிக் பாதிரியார் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். அதன் பிறகு வந்த தமிழ் அச்சு வரலாறெல்லாம் அந்த வழியில்தான் நடந்தது. நானூறு ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட வழிக்கு நாம் இன்று திரும்பப் போகிறோமா?

மக்கள் ஏன் படித்தார்கள்?

சவுரைப் படிக்கப் படிக்க, நம் இதழ் ஏன் உறை பிரிக்கப்படாமல் கிடக்கிறது என்பதும் எனக்குப் புரிந்தது. அவர் தாளில் அக்கம்பக்கத்துச் செய்தி, ஐரோப்பியச் செய்தி தவிர விளம்பரங்கள் நிறைய வரும். காணாமல் போன குதிரை, விற்பனைக்கு நிலம் ஆகியவற்றோடு மனிதர்களைத் தேடும் விளம்பரங்களும் வரும். கப்பல் கூலி கொடுக்க முடியாமல் வந்தவர்கள், இறங்கியவுடன் சில ஆண்டு உழைப்பை யாருக்காவது எழுதிக் கொடுத்து அந்தக் கடனை அடைக்க வேண்டும். தந்தை ஒரு பண்ணைக்கும் மகன் இன்னொரு பண்ணைக்கும் போய்விடுவதுண்டு. "என் தம்பி எங்கே இருக்கிறான், தெரிந்தவர் சொல்லுங்கள்" என்று கேட்க அவர்களுக்கு இருந்த இடம் இந்த ஜெர்மன் தாள்தான்.

1755-இல் சவுர், ஆளுநர் ராபர்ட் ஹன்டர் மாரிஸுக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். கப்பல்களில் ஆட்களை அடைத்து வருவதையும், வழியில் நோயிலும் பட்டினியிலும் அவர்கள் சாவதையும், அவர்கள் பெட்டி படுக்கைகள் பறிபோவதையும் எடுத்துச் சொன்னார். அந்தக் கடிதங்களை அவர் எழுதியது ஆங்கிலத்தில். இலக்கணம் அங்கங்கே தடுக்கும். ஆளுநருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, தமக்குச் சரளமாக வராத மொழியில் எழுதினார்.

மகன் காலத்தில், 1762 முதல் பஞ்சாங்கத்தில் மூலிகை வைத்தியத்தைத் தொடராகப் போட்டார்கள். மருத்துவர் இல்லாத பண்ணை வீட்டில் அந்தப் பஞ்சாங்கம் சுவரில் தொங்காமல் இருக்குமா?

நம் இதழைப் புரட்டிப் பாருங்கள். நானும் பொறுப்பாளிதான், ஆகவே சொல்லலாம். தலைவர் உரை, செயலாளர் அறிக்கை, பொன்னாடை போர்த்தும் படம், சங்க காலப் பெருமை பற்றி ஒரு கட்டுரை, இரண்டு கவிதை. வாசகருக்கு நாளைக் காலையில் பயன்படுவது ஒன்றாவது உண்டா? ஊர் மாற்றலாகிப் புதிதாக வந்த குடும்பத்துக்குப் பள்ளிச் சேர்க்கை பற்றி ஒரு வரி? அரசு மருத்துவமனையில் மொழி தெரியாமல் திண்டாடும் கட்டடத் தொழிலாளிக்கு ஒரு தொலைபேசி எண்? ஒன்றும் இல்லை. பயன் இல்லாத இதழை எந்த எழுத்தில் போட்டாலும் உறை பிரியாது.

ஆங்கிலம் எதிரி அல்ல

இங்கே ஒரு வாதம் எழும். "நீங்கள் சொல்வது ஆங்கிலம் வேண்டாம் என்பவர் கதை" என்பார்கள். இல்லை. 1750-களில் ஜெர்மன் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க தரும பள்ளிக்கூடங்கள் தொடங்கினார்கள். லண்டனில் பணம் திரட்டினார்கள். பிராங்க்ளினும் அறங்காவலர்களில் ஒருவர். சவுர் தம் தாளில் கடுமையாக எதிர்த்தார். இது தருமம் அல்ல, நம் மக்களை அரசியலுக்காக வளைக்கும் ஏற்பாடு என்று எழுதினார். பிராங்க்ளின் 1751-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஜெர்மானியர் பெருகினால் பென்சில்வேனியா ஆங்கில நாடாக இருக்குமா என்று கவலைப்பட்டு, அவர்களை மரியாதைக் குறைவாகவும் பேசியிருந்தார். ஆகவே சவுரின் சந்தேகம் வெறும் மனப்பிராந்தி அல்ல. (பிராங்க்ளினையும் குறை மட்டும் சொல்லக் கூடாது. 1787-இல் லங்காஸ்டர் நகரில் ஜெர்மானியருக்கென்று ஒரு கல்லூரி தொடங்கியபோது அவர் பண உதவி செய்தார். கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.)

ஆனால் அதே சவுர் 1751-இல் ஒரு புத்தகம் அச்சிட்டார். ஜெர்மானியர் ஆங்கிலம் கற்றுக்கொள்வதற்கான இலக்கண நூல்! 1759-இல் ஜெர்மன்டவுனில் ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் தனித்தனி ஆசிரியர் வைத்துப் பள்ளி தொடங்க ஊரார் கூடியபோது, முன்னின்றவர்களில் சவுரின் மகனும் ஒருவர். ஆங்கிலத்தைக் கற்றுக்கொள், அதற்கு விலையாக உன் எழுத்தைக் கொடுக்காதே என்பதே இவர்கள் நடந்து காட்டியது.

சவுர் குறையற்ற மனிதர் என்றும் நான் சொல்லவில்லை. மத விஷயங்களில் பிடிவாதக்காரர். சக ஜெர்மானியப் போதகர்களோடு ஓயாத சண்டை. 1758-இல் அவர் இறந்தார். மகன் 1763-இலும் 1776-இலும் மறுபடி பைபிள் அச்சிட்டார். அமெரிக்க விடுதலைப் போர் வந்தது. போரையும் பிரமாணத்தையும் ஏற்காத மதக் கொள்கையுடைய மகனின் சொத்தெல்லாம் 1778-இல் பறிமுதலாயிற்று. மூன்றாம் பதிப்பின் தைக்காத தாள்களைச் சிப்பாய்கள் துப்பாக்கித் தோட்டா சுற்ற எடுத்துப் போனார்கள் என்றும் சொல்வார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அந்த ஜெர்மானியர் சந்ததியில் பெரும்பாலோர் இன்று ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர்கள். அச்சுக்கூடம் மட்டும் ஒரு மொழியைக் காப்பாற்றி விடாது. ஆமிஷ் முதலிய சில சமூகத்தார்தான் வீட்டில் அந்தப் பேச்சையும், வழிபாட்டில் ஃபிராக்டூர் எழுத்து பைபிளையும் இன்றும் வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் தங்கள் மூதாதை யார் என்று தேடும்போது சவுரின் பழைய விளம்பரங்களுக்கு வருகிறார்கள். தம்பியைத் தேடிய அண்ணனின் நாலு வரி அங்கே இருக்கிறது. ஆனால் அதை இன்னொருவர் மொழிபெயர்த்துத் தந்தால்தான் அவர்களுக்குப் புரியும்.

என் வீட்டுத் தகரப் பெட்டி

இதைப் படித்தபோது எனக்கு என் வீட்டுத் தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது. நான் நாக்பூருக்கு வேலைக்கு வந்த புதிதில் கும்பகோணத்திலிருந்து என் அம்மா எழுதிய கடிதங்கள் அதில் இருக்கின்றன. அம்மா ஐந்தாம் வகுப்பு. நீல இன்லண்ட் தாளின் ஓரம், மடிப்பு, ஒட்டும் இடம் எதையும் விடாமல் எழுதுவாள். சென்ற கோடையில் மகள் வந்திருந்தபோது பேரன் பெட்டியைத் திறந்தான். ஒரு கடிதத்தைப் போனில் படம் பிடித்து, அதைப் படிக்கச் சொன்னான். அச்செழுத்தைக் கடகடவென்று படிக்கும் கருவி, அம்மாவின் கையெழுத்தில் தடுமாறி ஏதேதோ உளறியது. பையன் சிரித்தான். பிறகு என்னிடம் நீட்டி, "நீங்களே படியுங்கள் தாத்தா" என்றான்.

படித்தேன். மாடு கன்று போட்ட செய்தி, எதிர்வீட்டுக் கல்யாணம், "உடம்பைப் பார்த்துக்கொள், எண்ணெய் தேய்த்துக் குளி" என்ற உத்தரவு. அவன் கன்னத்தில் கைவைத்துக் கேட்டான். ஐந்தாவது கடிதத்தில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பெட்டியில் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. நான் இருக்கும்வரை படித்துக் காட்டலாம். பிறகு?

ரோமன் எழுத்தில் இதழ் போட்டால், அந்த இளம் தாயின் பையன் நம் இதழைப் படிப்பான். அது உண்மை. ஆனால் அவன் பாட்டி எழுதிய கடிதத்தைப் படிக்க மாட்டான். ஊருக்குப் போனால் பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிக்க மாட்டான். நாம் அவனுக்குக் கொடுப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் சில பக்கங்கள். எடுத்துக்கொள்வது மற்ற எல்லாவற்றையும்.

அந்தத் தாய்க்குப் பதில்

"நேரம் எங்கே?" என்று கேட்டாரே, அதுதான் நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் எழுத்தைக் காப்போம் என்று முழங்கினால் நான் மேடைப் பேச்சாளன் ஆகிவிடுவேன். ஆகவே செயற்குழுவின் கவனத்துக்குச் சில யோசனைகள்.

ஒன்று: தமிழ்ப் பக்கங்கள் தமிழ் எழுத்திலேயே இருக்கட்டும். அவற்றில் இரண்டு பக்கத்தைப் பெரிய எழுத்தில், சிறு வாக்கியங்களில், பிள்ளைகளுக்கென்று ஒதுக்குவோம். புதிதாகப் படிக்கக் கற்றவன் ஒரு பக்கத்தை முழுதாகப் படித்து முடித்த மகிழ்ச்சியை அடைய வேண்டும்.

இரண்டு: ஆங்கிலத்தில் நாலு பக்கம் இருக்கட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. தமிழ் அறியாத மருமகளும் மருமகனும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள், அவர்களும் நம்மவர்களே. சவுர் ஆங்கில இலக்கணம் அச்சிட்டதை மறக்க வேண்டாம்.

மூன்று: பொன்னாடைப் படங்களைக் குறைத்துக்கொண்டு, பயன்படும் செய்திகளைப் போடுவோம். பள்ளிச் சேர்க்கை, ரத்த தானம் செய்ய முன்வருவோர், வாடகை வீடு, மருத்துவமனைக்குத் துணை வரக்கூடியவர், சாலைப் பணிக்கும் கட்டட வேலைக்கும் வந்திருக்கும் நம் தொழிலாளர்களின் தேவைகள். இவர்களில் பலர் நம் உறுப்பினரே அல்லர். அவர்களுக்குத் தமிழ் எழுத்து மட்டுமே தெரியும் என்பதையும் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. எழுத்தை மாற்றினால் முதலில் நாம் கதவடைப்பது அவர்களுக்குத்தான்.

நான்கு: பழைய இதழ்கள். 1980-களில் இந்த ஊரில் தமிழ் அச்செழுத்து கிடையாது. ஸ்டென்சில் தாளில் கையால் எழுதி, சைக்ளோஸ்டைல் மிஷினில் உருட்டி, விரலெல்லாம் மையுடன் இதழைக் கொண்டுவந்தோம். அந்த இதழ்களில் பல இப்போது சங்க அலுவலகத்திலேயே இல்லை. யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் தயவுசெய்து கொண்டுவந்து கொடுங்கள். நம் பேரப் பிள்ளைகள் ஒருநாள் நம்மைத் தேடுவார்கள்.

ஐந்தாவது யோசனை செயற்குழுவுக்கு அல்ல; எனக்கு நானே இட்டுக்கொண்டது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு. மற்றவை பெரும்பாலும் இவற்றின் சேர்க்கை. இந்தியும் மராத்தியும் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு உயிரும் மெய்யும் சேரும் முறை ஏற்கெனவே பழக்கம். வாரம் ஒரு மணி நேரம் போதும். சில மாதங்களில் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார்கள். வரும் ஞாயிறு முதல் காலை பத்து மணிக்குச் சங்க வாசகசாலையில் நான் உட்கார்ந்திருப்பேன். கட்டணம் கிடையாது. நோட்டும் பென்சிலும் நான் வாங்கி வைக்கிறேன். கூட்டத்தில் பேசிய அந்தத் தாய் தம் பையனை முதல் ஆளாக அனுப்பி வைக்க வேண்டும் என்று இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன். அவனுக்குப் படிக்க முதல் பாடமாக என் அம்மாவின் கடிதம் ஒன்றை எடுத்து வருகிறேன்.

அடுத்த பொதுக்குழுவில் யோசனை வாக்கெடுப்புக்கு வரும். நான் எதிர்த்துக் கை தூக்குவேன். அதற்குள் எத்தனை பிள்ளைகள் வாசகசாலைக்கு வந்தார்கள் என்ற கணக்கையும், அது பூஜ்யமாக இருந்தாலும் சரி, அன்று எழுந்து சொல்வேன்.